வாசலில் எதனை நடுவது? ஊசியிலை மரமா, செம்பருத்தியா?

சம்பளம் வாங்கிய வார இறுதியில் சிரம்பானுக்கோ கோலா பிலாவுக்கோ சென்று திரும்பும் தோட்டத்து அன்பர்கள் சிலர், மளிகைப் பையோடு ஒரு பூந்தொட்டியையும் ஏந்தி வருவதைக் காண்கிறோம். அத்தொட்டியில் இருப்பது பெரும்பாலும் இரண்டிலொன்று. அடுக்கடுக்காகக் கிளை விரித்து, கோபுரம்போல் கூம்பி நிற்கும் ‘கிறிஸ்மஸ் மரம்’ ஒன்று, செம்பருத்தி மற்றொன்று. முன்னதற்கு விலை அதிகம். மதிப்பும் அதிகம் என்பது பலருடைய எண்ணம். பின்னது அடுத்த வீட்டு வேலியில் சும்மா கிடைப்பது. ஆதலால் அதன்மேல் அத்துணை மரியாதை இல்லை. இந்த மதிப்பீடு சரியானதுதானா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஊசியிலை மரம் என்றால் என்ன என்பதைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். போர்ட்டிக்சன் கடற்கரையில் நிற்கும் சவுக்கு மரங்களைக் காட்டி, ‘இதுதானே ஊசியிலை மரம்?’ என்று கேட்பவர் பலர். அன்று. சவுக்கு பூக்கும் தாவர இனத்தைச் சேர்ந்தது. அதன் ஊசி போன்ற பகுதி இலையே அன்று. மெல்லிய சிறு கிளை. அதனை விரலால் இழுத்துப் பார்த்தால் கணுக்கணுவாகக் கழன்று வரும். ஒவ்வொரு கணுவிலும் வட்டமாக அமைந்திருக்கும் நுண்ணிய செதில்களே அதன் உண்மையான இலைகள். பிள்ளைகளுக்கு இதனைக் காட்டினால் பெரிதும் மகிழ்வர்.

உண்மையான ஊசியிலை மரங்களுக்குப் பூ என்பதே கிடையாது. அவற்றின் விதைகள் கூம்பு போன்ற காய்களின் செதில்களுக்கிடையே பிறக்கின்றன. உலகில் பூக்கும் செடிகள் தோன்றுவதற்கு முன்னரே தோன்றிய பழங்குடி அவை. நாம் ‘கிறிஸ்மஸ் மரம்’ என்று வாங்கி வருவது பெரும்பாலும் நோர்ஃபோக் பைன் எனப்படுவது. ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே பசிபிக் கடலில் உள்ள நோர்ஃபோக் என்னும் சிறு தீவு அதன் தாயகம். கேப்டன் குக் 1774-ஆம் ஆண்டில் அத்தீவைக் கண்டபோது, நெட்டென உயர்ந்து நின்ற அம்மரங்களைப் பார்த்து, கப்பலின் பாய்மரத்துக்கு ஏற்றவை என்று கருதினார். பின்னர் வெட்டிப் பார்த்தபோது அவ்வேலைக்கு அவை உதவவில்லை என்பது வேறு கதை. அதன் நெருங்கிய உறவான குக் பைன் என்பதும் அதே பெயரில் விற்கப்படுவதுண்டு. இந்தக் குக் பைனைப் பற்றி 2017-ஆம் ஆண்டில் ஒரு விந்தையான ஆய்வு வெளிவந்தது. உலகின் பல பகுதிகளில் 256 மரங்களை அளந்து பார்த்ததில், அவை நிலநடுக்கோட்டை நோக்கியே சாய்ந்திருந்தன. வடபாதியில் நிற்பவை தெற்கேயும், தென்பாதியில் நிற்பவை வடக்கேயும் சாய்கின்றன. கோட்டிலிருந்து விலக விலகச் சாய்வும் மிகுகிறது. நம் சிரம்பானோ வடக்கே 3 பாகைக்கும் குறைவான தொலைவில் இருப்பது. ஆகவே சாய்வைப் பற்றி நாம் கவலைகொள்ள வேண்டியதில்லை.

பால்வெட்டும் அன்பர்களுக்கு இன்னொரு செய்தியும் சுவையாக இருக்கும். ஊசியிலை மரத்தின் பட்டையைக் கீறினால் பிசின் கசியும். காற்றுப்பட்டதும் அது இறுகிவிடும். நம் நாட்டுக் காடுகளில் வளரும் டாமார் மின்யாக் என்னும் மரம் நோர்ஃபோக் பைனின் குடும்பத்தைச் சேர்ந்ததே. அதனையும் பட்டையைக் கீறித்தான் பிசின் எடுப்பர். அவ்வகையில் அது பால்மரத்துக்குத் தொழில்முறைப் பங்காளி எனலாம்.

இனி நம் ஆராய்ச்சிக்கு வருவோம். ஊசியிலை மரத்தைப் புகழ்வோர் முதலில் சொல்வது, ‘அது என்றும் பசுமையானது’ என்பதே. இப்புகழ் குளிர்நாட்டிலிருந்து வந்த புகழ். இங்கிலாந்திலும் அது போன்ற நாடுகளிலும் குளிர்காலத்தில் பெரும்பாலான மரங்கள் இலையுதிர்த்து எலும்புக்கூடாக நிற்கும். அவ்வேளையில் பச்சை மாறாது நிற்பவை ஊசியிலை மரங்களும் வேறு சிலவுமே. பனி மூடிய தோட்டத்தில் ஒரு பச்சைக் கோபுரம் தெரிந்தால் கண்ணுக்கு எவ்வளவு ஆறுதல் என்பதை எளிதில் உணரலாம். அந்நாட்டினர் அதனைப் போற்றியதில் வியப்பில்லை. தாம் சென்ற நாடுகளிலெல்லாம் நட்டதிலும் வியப்பில்லை.

ஆனால் நம் நாட்டில் எது பசுமையாக இல்லை? மா, பலா, கறிவேப்பிலை, செம்பருத்தி எல்லாமே ஆண்டு முழுவதும் பச்சையாகத்தான் இருக்கின்றன. நம்மைச் சுற்றி நிற்பவற்றுள் ஒரே வீச்சில் இலையைக் கொட்டும் மரம் எது என்று எண்ணிப் பாருங்கள். நாம் நாள்தோறும் வெட்டும் பால்மரமேதான்! ஆண்டின் தொடக்க மாதங்களில் அது இலையுதிர்த்து நிற்கும்போது பால் குறைவதையும், அதனோடு வருமானம் சுருங்குவதையும் இப்பத்திரிகையின் வாசகர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நிரைகள் மொட்டையாகி, தரையெங்கும் சருகு மண்டிக் கிடக்கும் அந்த வாரங்களில் வாசலிலுள்ள செம்பருத்தியைக் கவனியுங்கள். இலையும் இருக்கும், ஓரளவு தண்ணீர் ஊற்றிவந்தால் பூவும் இருக்கும். ஆகவே ‘என்றும் பசுமை’ என்பதற்காக நாம் பணம் கொடுத்து ஊசியிலை மரம் வாங்க வேண்டிய தேவை எள்ளளவும் இல்லை. அதனை வாங்குவதாயின் அதன் வடிவ அழகுக்காக மட்டுமே வாங்க வேண்டும்.

அவ்வடிவம் எவ்வாறு அமைகிறது என்பதில்தான் முக்கியமான பாடம் இருக்கிறது. நோர்ஃபோக் பைனுக்கு ஒரே ஒரு தலை. நடுத்தண்டின் நுனியிலுள்ள குருத்து நேராக மேல்நோக்கிச் செல்கிறது; அதிலிருந்து பக்கக் கிளைகள் வட்ட அடுக்காகப் படுக்கைவாட்டில் நீள்கின்றன. தலைக் குருத்தின் இயல்பு வேறு, பக்கக் கிளையின் இயல்பு வேறு. பக்கக் கிளை ஒன்றை வெட்டி மண்ணில் ஊன்றி வேர்விடச் செய்தாலும், அது நிமிர்ந்து மரமாவதில்லை. தரையோடு தரையாகப் பக்கவாட்டிலேயே வளர்ந்துகொண்டிருக்கும். பத்து ஆண்டு காத்திருந்தாலும் அது கிளையாகவே இருக்கும். உயரம் அளவு மீறிவிட்டதென்று தலையை வெட்டிவிட்டால், பக்கக் கிளைகளில் ஒன்று அதன் இடத்துக்கு வந்துவிடுமா என்றால், அதுவும் வராது. நடுத்தண்டிலிருந்து இரண்டு மூன்று புதிய குருத்துகள் ஒன்றோடொன்று போட்டியிட்டுக் கிளம்பக்கூடும். அதன்பின் கோபுரம் இல்லை, கவைத்த கொம்புதான்.

செம்பருத்தியின் அமைப்பு இதற்கு நேர்மாறானது. அதில் எந்தக் கிளையை ஒடித்து நட்டாலும் அது முழுச் செடியாகும். வேலியாக வெட்டலாம், குட்டையாக நிறுத்தலாம், முதிர்ந்து சோர்ந்த செடியைப் பாதியளவுக்குத் தறித்தால் மீண்டும் துளிர்க்கும். இந்நாட்டில் அது காய்த்து விதை தருவதே அரிது; ஏறத்தாழ எல்லாச் செம்பருத்தியும் கொம்பு ஒடித்து நட்டு வந்ததே. பால்மரத்தில் ஒட்டுக் கட்டும் வேலையை அறிந்தோர்க்கு இதன் பொருள் உடனே விளங்கும். ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்னும் வகையின் ஒரு மரத்தினின்று எடுத்த மொட்டை ஒட்டி எத்தனை மரம் உண்டாக்கினாலும் அவையனைத்தும் அதே மரந்தான். அதுபோலவே, பாட்டி வீட்டு வாசலிலிருந்த செம்பருத்தியின் கொம்பு தாய் வீட்டிலும், தாய் வீட்டுக் கொம்பு மகள் வீட்டிலும் நிற்குமாயின், நிற்பது ஒரே செடி.

இச்செய்தி வெறும் தாவரப் பாடமன்று என்பதைச் சில ஆண்டுகளுக்கு முன் கோலா பிலா வட்டாரத்துத் தோட்டமொன்றில் கண்டேன். அடுத்தடுத்த இரண்டு வீடுகள். இரண்டு குடும்பங்களும் பணி ஓய்வு பெற்றுத் தோட்டத்தை விட்டுப் புறப்படும் வேளை. ஒரு வீட்டு வாசலில் நோர்ஃபோக் பைன் ஒன்று கூரையைத் தாண்டி இருமடங்கு உயரத்தில் நின்றது. மகளுடைய முதல் கிறிஸ்மஸுக்குத் தொட்டியில் வாங்கி வந்து, பண்டிகை முடிந்ததும் மண்ணில் இறக்கி வைத்ததாம். வேர் வாசற்படிச் சிமெண்டை வெடிக்கச் செய்திருந்தது. காற்றடிக்கும் நாட்களில் கிளைகள் கூரைத் தகரத்தைத் தேய்த்தன. அடுத்து வருவோருக்கு ஆபத்து என்பதால் அதனை வெட்டிவிடத் தீர்மானமாயிற்று. வைத்தவர் ஒன்றும் பேசவில்லை. ரம்பத்தின் ஓசை ஓயும்வரை பின்கட்டிலேயே நின்றிருந்தார்.

மற்றொரு வீட்டு அம்மையார் செம்பருத்தி வேலியிலிருந்து ஏழெட்டுக் கொம்புகளை வெட்டி, ஈரச் சாக்கில் சுற்றி, லாரியின் முன்னிருக்கையில் தம் மடிமீது வைத்துக்கொண்டார். “வீடு தோட்டத்து வீடு சார், குடுத்துட்டுத்தான் போகணும். இந்தச் செடி எங்கம்மா வச்சது. இத ஏன் விட்டுட்டுப் போகணும்?” என்றார். அவர்கள் குடியேறிய தொடர்வீட்டின் முன்னுள்ள நிலம் ஒரு கார் நிற்கும் அளவே. அங்கும் அது சுவரோரம் பூத்துக்கொண்டிருப்பதைப் பின்னர் அறிந்தேன்.

நெகிரி செம்பிலானில் இப்படிப் புறப்பட்டோர் சிலரல்லர். நீலாய், சிரம்பான் 2, செண்டாயான் ஆகிய இடங்களில் தோட்டங்களாக இருந்த நிலங்கள் இன்று வீடமைப்பு நகரங்களாக நிற்கின்றன. தோட்டத்து வீடு வேலையோடு வருவது, வேலையோடு போவது. அந்நிலையில் வாசலில் நடும் செடி நம்மோடு வரக்கூடியதா என்று கேட்பது, பூவின் நிறத்தையும் விலையையும் கேட்பதைவிட முக்கியமான கேள்வி என்பது என் கருத்து.

செம்பருத்திக்கு வேறு சிறப்புகளும் உள. அதுவே நம் தேசிய மலர் என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். ஆயினும் அது தேர்ந்தெடுக்கப்பட்ட விதம் பலருக்குத் தெரியாது. 1958-ஆம் ஆண்டில் விவசாய அமைச்சு மாநிலங்களிடம் கருத்துக் கேட்டது. மல்லிகை, தாமரை, ரோஜா, செண்பகம், மகிழம்பூ முதலிய பூக்கள் போட்டியில் இருந்தன. இறுதியில் 1960 ஜூலை 28-ஆம் நாள் செம்பருத்தி, அதாவது ‘பூங்கா ராயா’, தேசிய மலராக அறிவிக்கப்பட்டது. 1970-ஆம் ஆண்டில் ருக்குன் நெகாரா பிரகடனம் செய்யப்பட்டபின், பூவின் ஐந்து இதழ்கள் அதன் ஐந்து கோட்பாடுகளைக் குறிப்பதாகக் கொள்ளப்பட்டது. 2012-இல் வெளிவந்த வெள்ளி நோட்டுகளிலும் இப்பூவைக் காணலாம். இத்தனைக்கும் அது இம்மண்ணில் தோன்றியதன்று. ‘சீனத்து ரோஜா’ என்னும் பொருள்படவே அதற்கு அறிவியற் பெயர் அமைந்துள்ளது. பால்மரம் பிரேசிலிலிருந்து வந்தது போல, இதுவும் வந்து வேரூன்றியதே.

நம் இல்லங்களில் அதற்கு நாள்தோறும் வேலை உண்டு. காளியம்மன் கோவிலுக்குச் சிவப்புச் செம்பருத்தி வேண்டும். விடியற்காலையில் பெரட்டுக்குப் புறப்படுமுன் நான்கு பூவைப் பறித்துச் சாமி படத்துக்கு வைக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. ஒரு பூ ஒரு நாள்தான் நிற்கும். மாலையில் சுருண்டு மறுநாள் உதிரும். அதனைக் குறையாகச் சொல்வோர் உளர். ஆனால் மறுநாளைக்கு அடுத்த மொட்டு அணியமாக இருக்கும். கடையில் பூ விற்கும் விலையை நினைத்தால், வேலியோரச் செடிகள் மிச்சப்படுத்தும் பணம் சிறிதன்று.

குறையே இல்லாத செடி என்று நான் சொல்ல மாட்டேன். செம்பருத்தியின் பெரும் பகை மாவுப்பூச்சி. குருத்தில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியதுபோல் தோன்றும். இலைகள் சுருண்டு தடிக்கும். பூமொட்டு விரியாமல் கருகும். எறும்பு வரிசை தண்டில் ஏறுகிறதா என்று பாருங்கள். அப்பூச்சி சுரக்கும் இனிப்பு நீருக்காக எறும்பே அதற்குக் காவலாளாக நிற்கும். தொடக்கத்திலேயே கண்டால் நஞ்சு எதுவும் தேவையில்லை. தாக்குண்ட குருத்தை வெட்டி எரித்துவிட்டு, மிஞ்சிய பகுதியில் சவர்க்கார நீரைத் தெளித்தால் போதும். மேலும் ஒரு செய்தி: வெண்டையும் செம்பருத்தியும் ஒரே குடும்பம். இரண்டின் பூவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முகச்சாடை தெரியும். ஒன்றைத் தாக்கும் பூச்சிகள் பல மற்றதையும் தாக்கும். ஆகவே வெண்டைப் பாத்தியைச் செம்பருத்தி வேலியை ஒட்டிப் போடாதீர்கள். வேலி ஒரு பக்கமும் பாத்தி மறுபக்கமுமாக இருக்கட்டும்.

வெயில் மற்றொன்று. பால்மர நிரையின் நிழல் நாள் முழுதும் விழும் வாசலில் செம்பருத்தி இலையாகத் தழைக்குமேயன்றிப் பூக்காது. அரைநாள் வெயிலாவது வேண்டும். வேலியைச் சதுரமாக இருத்த விரும்பி வாரந்தோறும் கத்தரிப்போர் வீட்டிலும் பூ இராது. புதுத்தளிரின் நுனியில்தான் மொட்டு வைக்கும். அதனை வெட்டிக்கொண்டே இருந்தால் மொட்டு எங்கிருந்து வரும்? ஆண்டுக்கு இரண்டொரு முறை வெட்டினால் போதுமானது. மாட்டெரு அல்லது மக்கிய குப்பை தாராளமாக இடலாம். களைக்கொல்லி இருந்த டின்னில் தண்ணீர் மொண்டு ஊற்றும் பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டா. செடிக்கும் கேடு; அருகில் விளையாடும் குழந்தைக்கும் கேடு.

அப்படியாயின் ஊசியிலை மரத்துக்குத் தோட்டத்தில் இடமே இல்லையா? உண்டு, ஆனால் வீட்டு வாசலில் அன்று. நோர்ஃபோக் பைன் தன் தாயகத்தில் 50 மீட்டருக்கும் மேல் உயரும் இனம். இங்கு அவ்வளவு வளராவிட்டாலும் வீட்டின் கூரையையும் பால்மரத்தின் உச்சியையும் தாண்டக்கூடியது. நம் நாடோ இடிமின்னல் மிகுந்த நாடுகளுள் ஒன்று. தனித்து உயர்ந்து நிற்கும் மரத்தின் மீதே மின்னல் பாயும் வாய்ப்பு அதிகம். அத்தகைய மரம் குழந்தைகள் உறங்கும் அறைக்கு ஆறடி தொலைவில் நிற்பது அறிவுடைமையாகாது. பள்ளித் திடலின் ஓரம், பந்துத் திடலின் கோடி, கோவில் நிலத்தின் வெளி எல்லை போன்ற இடங்களில், கட்டடத்தினின்று நன்கு விலகி நட்டால் அது தன் முழு வடிவத்தோடு வளர்ந்து காண்போரை மகிழ்விக்கும். நிர்வாகத்தின் அனுமதியை முன்கூட்டியே பெறுவது முறை.

வீட்டருகே ஊசியிலை இனம் ஒன்று வேண்டியே தீரும் என்போர்க்கு ஒரு வழி உண்டு. சீனர் இல்லங்களின் முன்பு, குட்டையாகக் கத்தரித்து வளர்க்கப்பட்டிருக்கும் ‘லோஹான் சொங்’ என்னும் செடியைக் கண்டிருப்பீர்கள். போடோகார்ப்பஸ் என்பது அதன் இனப்பெயர். இலை ஊசியாக இல்லாமல் சிறு வாள்போல் நீண்டிருந்தாலும் அதுவும் ஊசியிலைக் குடும்பங்களைச் சேர்ந்ததே. மெதுவாக வளரும், கத்தரித்தால் பொறுத்துக்கொள்ளும், கொம்பு நட்டும் வளர்க்கலாம். விலைதான் சற்றுக் கூடுதல்.

தொட்டியிலேயே நோர்ஃபோக் பைனை வைத்திருக்க விரும்புவோர் வாங்கும்போது அடித்தண்டைப் பார்த்து வாங்குக. அடர்த்தியாகத் தோன்ற வேண்டுமென்று மூன்று நான்கு நாற்றுகளை ஒரே தொட்டியில் வைத்து விற்பதுண்டு. நாளடைவில் அவை ஒன்றையொன்று நெருக்கி நலியும். தொட்டிக்கு அடியில் தட்டு வைத்தால் அதில் தண்ணீர் தேங்க விடாதீர்கள். ஏடிஸ் கொசு முட்டையிட அந்தத் தட்டு நீரே போதும்; ஒரு வாரத்துக்குச் சற்று மேலானால் முட்டை கொசுவாகிப் பறந்துவிடும். வீட்டு எல்லைக்குள் கொசு பெருக விடுவது 1975-ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம் என்பதையும் நினைவிற்கொள்க. தட்டுக்குப் பதிலாக இரண்டு செங்கல்லின்மீது தொட்டியை வைப்பது எளிது.

செம்பருத்திக் கொம்பு நடுவதற்கு மழை மாதங்களே ஏற்றவை. நம் மாநிலத்தில் ஏப்ரல், மே மாதங்களிலும், மீண்டும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மழை மிகுதி. ஜெலுபு வட்டாரத்தார் மட்டும் சற்று எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். மலைகள் சூழ்ந்த அப்பகுதி தீபகற்பத்திலேயே குறைந்த மழை பெறும் இடங்களுள் ஒன்று. பென்சில் பருமனுள்ள, மிக இளசும் மிக முற்றலும் அல்லாத கொம்பைத் தேர்ந்து, கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக வெட்டுங்கள். அரையடி நீளம் போதும். கீழிலைகளைக் கிள்ளிவிட்டு, மேலே இரண்டு இலைகளை மட்டும் விட்டு, அவற்றையும் பாதியாக நறுக்குங்கள். இலை மிகுந்தால் வேர் வருமுன்னரே கொம்பின் ஈரம் வற்றிவிடும். மணலும் மண்ணும் கலந்த பையில் இரண்டு கணு மறையும்படி ஊன்றி, நிழலில் வைத்து, ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அன்றே நட இயலாவிட்டால் ஈரச் சாக்கிலோ வாழைப்பட்டையிலோ சுற்றி வைக்கலாம். தொலைதூரப் பயணத்துக்கும் இதுவே முறை. ஏறத்தாழ ஐந்து வாரத்தில் வேர் பிடிக்கும். அதற்குமுன் சிறு தளிர் தோன்றும்போது, வேர் வந்துவிட்டதா என்று கொம்பை இழுத்துப் பார்க்கும் ஆசை எல்லோர்க்கும் எழும். இழுத்துப் பார்க்காதீர்கள். கொம்பில் மிஞ்சியிருந்த சத்தைக் கொண்டே முதல் தளிர் வந்திருக்கலாம். நான்காவது இலை விரியும்வரை பொறுத்திருந்து, அதன்பின் பையோடு வெயிலுக்கு நகர்த்துங்கள்.